என்னைக் குடிகாரனாக்கிய கடிதத்துக்கு நன்றி

என் கையெழுத்து நன்றாக இருக்காது. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஒற்று போடவேண்டிய இடத்தில் விட்டிருப்பேன், வேண்டாத இடத்தில் போட்டிருப்பேன். எழுத்துகளும் வரியில் நிற்காமல் ஏறி இறங்கும். வீட்டில் நன்றாக எழுதத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கொடுத்துத் திருத்தி வாங்க முடியாத விஷயம் இது. அதனால் படிக்கிறவர்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மயிலாப்பூரில் மைக் செட்டு வாடகைக்கு விடும் கடையில் வேலை செய்கிறேன். கல்யாண மண்டபம், சபா, கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம், எங்கே கூப்பிட்டாலும் ஸ்பீக்கரையும் வயரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். பேசுகிறவர்களுக்கு முன்னால் மைக்கை அவர்கள் உயரத்துக்குச் சரிசெய்து நிறுத்துவது என் வேலை. அதன் முன்னால் நின்று நான் பேசியது ‘ஹலோ, செக்’ மட்டும்தான். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்தன்று போட்டோ எடுத்தவன் கொஞ்சம் சிரிக்கச் சொன்னதற்கே சட்டை நனையும்படி வியர்த்துவிட்டது என்று என் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வேலையில் நான் அதிகம் கேட்டது நன்றியுரை. எல்லா விழாவிலும் கடைசியில் வருவது அது. பந்தியிலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டிருக்கும். ஆட்கள் காலால் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பாவம், காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போவார். ‘ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தவர்களுக்கும்’ என்று அவர் முடிக்கும்போது நாங்கள் பின்னால் வயரைச் சுருட்ட ஆரம்பித்திருப்போம். நன்றி என்பது யாரும் காது கொடுக்காத ஒன்று, சொல்கிறவர்களுக்கும் அதனால் ஒன்றும் நஷ்டமில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு ஒரே பெண். நன்றாகப் படிப்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது லஸ் முனையில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து பாடப் புத்தகம், கைடு எல்லாம் வாங்கிவருவேன். பழைய புத்தகம் என்றால் சும்மா வராது. பக்கம் கிழிந்திருக்கும், அட்டை தனியாக வரும். எங்கள் கடையில் எப்போதும் கறுப்பு இன்சுலேஷன் டேப் கிடக்கும். அதைக் கொண்டுவந்து முதுகில் ஒட்டி, கிழிந்த பக்கங்களைச் சேர்த்துக் கொடுப்பேன். அவளுடைய அலமாரியைப் பார்த்தால் எல்லாப் புத்தகத்துக்கும் முதுகு கறுப்பாக இருக்கும். அவளுடைய தோழிகள் ‘கரன்ட் ஷாக் அடிக்காதாடி?’ என்று கேலி செய்வார்களாம்.

கல்லூரி முடித்து மேல்படிப்புக்குப் பெங்களூரில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தது சரி, அங்கே தங்கவைத்துப் படிக்கவைக்க எங்களால் முடியாது. மனைவி மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறாள். என் வருமானம் முகூர்த்த நாட்களை நம்பியது. அப்போதுதான் தி.நகரில் ஓர் அறக்கட்டளை இருப்பதாகவும், ஏழைப் பிள்ளைகளின் மேல்படிப்புக்கு முழுச் செலவையும் ஏற்பதாகவும் பெண் சொன்னாள். அதற்குக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் பரிந்துரைக் கடிதம் தரவேண்டும். இந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும், வீட்டு நிலைமை என்ன என்று அவர் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் மனுவையே எடுத்துக்கொள்வார்களாம்.

“மிஸ் லெட்டர் குடுத்துட்டாங்கப்பா” என்று ஒருநாள் வந்து சொன்னாள். அந்த மிஸ் இருக்கும் திசையைப் பார்த்து நான் கும்பிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடையாறு எந்தப் பக்கம் என்று யோசித்து, அந்தப் பக்கம் திரும்பித்தான் கும்பிட்டேன்.

அறக்கட்டளை உதவியும் கிடைத்துவிட்டது. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனகல் பார்க் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் காசோலை கொடுக்கும் விழா. மனைவி கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டினாள். “இத்த இன்னாத்துக்கு இப்ப?” என்று கேட்டேன். “போட்டோ புடிப்பாங்க இல்ல?” என்றாள். மண்டபத்தில் எங்கள் கடை மைக் செட்டுதான். அன்றைக்கு எனக்கு விடுப்பு. கடையில் என்னோடு வேலை செய்கிறவன் மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாயே பெரிய மனுஷா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அறக்கட்டளைப் பெரியவர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, அவர்களைப் பற்றி ஆசிரியர் எழுதியதிலிருந்து சில வரிகள் படித்தார். முதலில் இங்கிலீஷில், பிறகு பெற்றோர்களுக்காகத் தமிழில். எங்கள் பெண் முறை வந்தது. இங்கிலீஷில் படிக்கும்போதே கூட்டம் உச்சுக்கொட்டியது. ரொம்பப் பெருமையாக எழுதியிருக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் தமிழில் சொன்னார்.

“இந்தக் குழந்தையின் தகப்பனார் குடிக்கு அடிமையானவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தச் சொன்னவர். போதையில் வந்து குழந்தையின் பாடப் புத்தகங்களைக் கிழித்தெறிந்தவர். அந்தக் கிழிந்த புத்தகங்களை ஒட்டி ஒட்டிப் படித்துத்தான் இன்று பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருக்கிறாள். இது நான் சொல்வதல்ல, அவளுடைய பேராசிரியை எழுதியிருப்பது. இவளைக் காப்பாற்றிக் கரைசேர்த்த தாயையும் மேடைக்கு அழைக்கிறேன்.”

கைதட்டினார்கள். நல்ல மண்டபம், எதிரொலி இல்லாத மண்டபம். ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாகக் கேட்டது.

நான் குடிப்பதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் வேலையில் ஏணி ஏறவேண்டும், ஈரத் தரையில் வயர் இழுக்கவேண்டும். குடித்துவிட்டு ஏறியவர்கள் எப்படி இறங்கினார்கள் என்று பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தில் தொட்டதில்லை, அவ்வளவுதான்.

மனைவி என்னைப் பார்க்காமல் எழுந்து மேடைக்குப் போனாள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவர், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் அறக்கட்டளை அட்டை குத்தியிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

“அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்? தாய்மாமாவா?”

நான் அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார், முன்வரிசைக்காரர்கள் எப்படித் திரும்பியிருப்பார்கள் என்பதெல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. தலையை ஆட்டினேன்.

“நல்லவேளை நீங்க இருக்கீங்க” என்று என் முழங்கையைத் தொட்டார். “அந்த ஆளை விட்றாதீங்க. செக் கைக்கு வந்த உடனே புடுங்கிட்டுப் போற கேசுங்க இவங்க. நாங்க எத்தனை பாத்திருக்கோம். பாஸ்புக்கை நீங்க வாங்கி வெச்சுக்குங்க.”

“செரிங்க சார்” என்றேன்.

மேடையில் என் பெண் காசோலையை வாங்கிக்கொண்டு சிரிக்காமல் நின்றாள். மைக் அவள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. என்னோடு வேலை செய்கிறவன் எழுந்துபோய்த் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். அவன் அசையவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கடையில் கேட்கவேண்டுமா?

“இன்னா மாமே, வூட்ல புக்கெல்லாம் கிய்ச்சிப் போட்டுகினு கீறியாமே? எத்தினி வருசமா ஒண்ணா சுத்துறோம், எனுக்கு ஒரு குவாட்டர் வாங்கிக் குத்துருப்பியா நீ?”

“சும்மா இருடா.”

“தனியா அடிக்கிறவன்தான்யா டேஞ்சரு. அவன நம்பவே கூடாது.” அன்று சாயங்காலம் சபாவில் ஸ்பீக்கர் கட்ட நான் ஏணியில் கால் வைத்ததும் கீழே பிடித்திருந்தவன், “ஏறதுக்கு முன்னாடி ஒரு தபா ஊது மாமே” என்றான். அவன் கெட்டவன் இல்லை. நான் அழுதுவிடப் போகிறேன் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். ஆனால் மற்றவர்களிடம் சொல்லுவதை நிறுத்தவில்லை.

வீட்டில் மனைவி, “டீச்சர் இன்னாவோ அவங்களா எழுதிட்டாங்க. பணம் வந்துச்சில்ல, வுடு” என்றாள். பெண் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த மிஸ் மேல் ஆத்திரமாக வந்தது. என்னை அவர் பார்த்ததே இல்லை. கல்லூரிக்கு நான் போனது சேர்த்துவிட்ட அன்று ஒரு தடவை, அதுவும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். மைக் செட்டுக்காரன் என்றால் குடிப்பான், ஐந்தாவது படித்தவன் என்றால் புத்தகத்தைக் கிழிப்பான் என்று அவரே முடிவுசெய்து எழுதிவிட்டாரா?

பெண் பெங்களூருக்குப் போவதற்கு முன்னால் மிஸ்ஸுக்கு நன்றி சொல்லிவிட்டு வரவேண்டும் என்று மனைவி ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். நமக்காக ஒருவர் கையெழுத்துப் போட்டால், தட்டில் வெற்றிலைபாக்கு, பழம், பூ வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அந்தக் காரியத்தைத் தொடங்குவது. பெண்ணுக்கு இதில் இஷ்டமில்லை.

“மிஸ்ஸுக்கு இதெல்லாம் பிடிக்காதும்மா. நான் வாட்ஸாப்ல தேங்க்ஸ் போட்டுட்டேன், அவங்களும் கை கூப்பற மாதிரி ஒண்ணு அனுப்பிட்டாங்க. முடிஞ்சுது.”

“போன்ல கும்புட்டா ஆயிடுமா? நாளிக்கி ஒண்ணுன்னா திரும்ப அவங்ககிட்டதான் போவணும்.”

“நான் போயிட்டு வரேன்” என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாய் திறக்காதவன் தானாக முன்வந்தது அவர்களுக்கு ஆச்சரியம். நன்றி சொல்லப் போகவில்லை நான். ஒரே ஒரு கேள்வி கேட்கப் போனேன். நான் குடிப்பேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? பேருந்தில் அடையாறு போய்ச் சேரும்வரை அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மடியில் சாத்துக்குடியும் ஆப்பிளும் ரவிக்கைத் துணியும் இருந்த துணிக்கடைப் பை. நடத்துநர் “கல்யாணமா சார்?” என்று கேட்டார்.

அடுக்குமாடி வீடு. மிஸ்தான் கதவைத் திறந்தார். நரைத்த தலை, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். மேசை முழுக்க விடைத்தாள் கட்டுகள். பெண்ணின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

“அவளோட அப்பாவா? வாங்கோ, உள்ள வாங்கோ. அவ வரலையா? ஐயோ, இதெல்லாம் எதுக்கு வாங்கிண்டு வந்தேள்? உக்காருங்கோ. காபி கலந்துண்டு வரேன்.”

குடிகாரனைப் பார்க்கிற பார்வை அதில் இல்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. காபி வந்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டு, வாயில் வைத்திருந்த கேள்வியை எப்படி வெளியே தள்ளுவது என்று தெரியாமல் விழித்தேன். அவர் பெண்ணின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது பாதிதான்.

“லெட்டர்ல… எங்க வூட்டப் பத்தி எழுதியிருந்தீங்களே மிஸ்…”

“எந்த லெட்டர்? அட்மிஷனுக்குக் குடுத்ததா, டிரஸ்ட்டுக்குக் குடுத்ததா?”

“டிரஸ்ட்டு, மிஸ்.”

“அதுவா! அதுக்கா இத்தனை பழம்?” என்று சிரித்தார். “அதுக்கு நீங்க தேங்க்ஸ் சொல்லணும்னா உங்க பொண்ணுக்குத்தான் சொல்லணும். எழுதினது அவதானே. எல்லார்கிட்டயும் நான் அப்படித்தான் சொல்றது. நீயே எழுதி, பிரிண்ட் எடுத்துண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்னு. ஜூன் வந்தா வரிசையா வந்து நிப்பா. ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து எழுதிண்டிருந்தா இந்தப் பேப்பரெல்லாம் யார் திருத்தறது? ஊர்ல எல்லாக் காலேஜ்லயும் இதான் நடக்கறது.”

“நீங்க படிச்சுப் பாக்கலியா மிஸ்?”

“மார்க்கெல்லாம் சரியா போட்டிருக்காளான்னு பாத்தேன். மத்தபடி வீட்டு விஷயம் எழுதியிருக்கற இடத்தை எல்லாம் நான் படிக்கறதே இல்லை. அது அவாவா சொந்த சமாச்சாரம். அதைப் போய் நான் துருவலாமா, சொல்லுங்கோ? தப்பில்லையா?”

“தப்புதாங்க” என்றேன்.

“இங்கிலீஷ் மட்டும் பிரமாதம். ஒரு கமா கூட நான் மாத்தலை. குடுத்து வெச்சவர் நீங்க.”

நன்றி மிஸ் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இரண்டு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனுஷி. அவரை வைவதற்கு வழியில்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கீழே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, அந்தக் கடிதத்தை எழுதியவள் காலையில் எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, “பழத்த நசுக்கிடாதப்பா” என்று சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குப் போனபோது பெண் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படியில் இருந்தாள். எங்கள் வீடு ஒரே அறை. அடுப்படி என்பது அதிலேயே ஒரு மூலை.

“மிஸ்ஸைப் பார்த்தேன்” என்றேன்.

“ம்.”

“அவங்க எழுதலையாமே.”

ஒரு சுடிதாரை மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள். “யாருமே எழுதமாட்டாங்கப்பா. சைன் மட்டும்தான் போடுவாங்க.”

“அது செரி. நா எப்ப குட்ச்சேன்?”

“நீ குடிக்கலப்பா.”

“அப்பறம்?”

அவள் அழவில்லை, பயப்படவும் இல்லை. ஏதோ கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னாள். “போன வருஷம் எங்க சீனியர் ஒரு அக்கா, அப்பா பூ விக்கிறாரு, ரொம்பக் கஷ்டம்னு எழுதினாங்க. கிடைக்கல. அவங்க கிளாஸ்லயே இன்னொரு அக்காவுக்கு அப்பா குடி. அவங்களுக்குக் கிடைச்சுது. ஏழைன்னு எல்லாரும்தான்ப்பா எழுதறாங்க. அதைப் படிச்சா யாருக்கு என்ன தோணும்?”

அடுத்த சுடிதாரை எடுத்து மடித்தாள்.

“முதல்ல நீ இல்லைன்னே எழுதிடலாம்னு இருந்தேன். டெத் சர்டிபிகேட் கேப்பாங்கன்னு அந்த அக்காதான் சொன்னாங்க. குடிக்கிறதுக்கு யாரும் சர்டிபிகேட் கேக்கமாட்டாங்கல்ல?”

“ஏய், அந்தப் பேச்ச எதுக்குடி இப்ப எடுக்குற?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அதட்டல் மகளுக்குத்தான். ஆனால் அதில் எனக்கு ஒரு விஷயம் தெரிந்துபோனது.

“உனுக்குத் தெரியுமா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“தெரியாம இன்னா? உங்கிட்ட கேட்டா வாணாம்னுவ. வாணாம்னா யாரு வந்து பீஸு கட்டுவா? உன் பாயா கட்டுவாரு?” பாய் என்றது எங்கள் கடை முதலாளியை. கரண்டியை வேகமாகக் கீழே வைத்தாள். “நீ குடிகாரன் இல்லன்னு எனுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?”

நான் வேறொன்றைக் கேட்டேன். “புக்க கிய்ச்சேன்னு ஏம்மா எழுதின?”

“புக்கெல்லாம் கிழிஞ்சுதானேப்பா இருந்துச்சு” என்றாள் பெண். “அவங்க வீட்டுக்கு விசாரிக்க வந்தாங்கன்னா ஏதாவது ஒண்ணு காட்டணும். அதான் டேப் ஒட்டினது இருக்கேன்னு…” அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “வெறும் பேப்பர்ப்பா அது. மனசுல எடுத்துக்காத.”

வெறும் பேப்பர். படித்தவர்களுக்கு அப்படித்தான் போலிருக்கிறது. ஒன்றை எழுதி, கையெழுத்து வாங்கி, கொடுத்து, மறந்துவிட முடிகிறது. நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது வேறு மாதிரி. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் மைக்கில் வரும். மைக்கில் வருவதைத்தான் ஊர் கேட்கும். ஊர் கேட்டுவிட்டால் பிறகு அதை எந்தக் குமிழைத் திருப்பியும் குறைக்க முடியாது.

அவள் பெங்களூர் போனாள். பெட்டியைச் சென்ட்ரலில் நான்தான் ஏற்றிவிட்டேன். நன்றாகப் படித்தாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள். வாரம் ஒருமுறை போன் செய்வாள். சாப்பிட்டியா, வேலை இருக்கிறதா என்று கேட்பாள். அன்பு இல்லை என்று சொல்லமாட்டேன். இங்கே என்னை ஏணியில் ஏற்றும் ஒவ்வொருவனும் ஒருமுறை என் வாய்ப்பக்கம் மூக்கைக் கொண்டுவருவதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

இந்த வருஷம் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இரண்டாம் வருஷப் பணத்துக்கு முன்னால் அறக்கட்டளையிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருவதாகப் போன் வந்தது. “காலைல வராங்க. நீ கடைக்குப் போயிடு, நாங்க பேசிக்கிறோம்” என்றாள் மனைவி. நானும் போய்விட்டேன். மதியம் வரை இருந்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினேன். வரவேண்டியவர்கள் தாமதமாக வந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து வெளியே வந்தார். காசோலை விழாவில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்.

“அடடே, மாமா! நல்லா இருக்கீங்களா? உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். மாமா இல்லையான்னு கேட்டா ரெண்டு பேரும் முழிக்கறாங்க.”

உள்ளே மனைவியும் பெண்ணும் அசையாமல் நின்றார்கள். அவர் என் தோளில் கைபோட்டு, சந்துப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். ஆனால் எங்கள் சந்தில் தாழ்ந்த குரலும் வீட்டுக்குள் கேட்கும்.

“பொம்பளைங்ககிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அந்த ஆள் இப்ப எப்படி? கொஞ்சமாவது திருந்தினாரா?”

ஒரு நிமிஷம் எனக்கு நம்பிக்கை வந்தது. திருந்திவிட்டார் என்று சொல்லிவிடலாம். முழு உண்மை இல்லாவிட்டாலும் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அடுத்த வருஷம் அந்த மேடையில் ‘தகப்பனார் இப்போது குடிப்பதில்லை’ என்றாவது படிப்பார்கள்.

“திருந்தினா…” என்று ஆரம்பித்தேன்.

“திருந்தியிருந்தா ரொம்ப சந்தோஷம்” என்றார் அவர். “ஆனா கமிட்டில சொல்லியாகணும், அதான் கேக்கறேன். சம்பாதிக்கற ஆம்பளை ஒழுங்கா இருக்கற வீடுன்னா, அந்த உதவியை வேற பிள்ளைக்கு மாத்தி விடறது எங்க வழக்கம். வெயிட்டிங்ல நிறையப் பேர் இருக்காங்க பாருங்க.”

வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. என் பெண் ஜன்னல் பக்கம் வந்து நிற்பது தெரிந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை.

“எங்கசார் திருந்துறது” என்றேன். “முன்னக்காட்டியும் மோசமா கீறாரு.”

“அப்படியா!”

“வேலைக்கே போறதில்ல. போற அன்னிக்கும் கடை வயரத் திருடி எடைக்கிப் போட்டுர்றாரு. சந்து முனையில வுயுந்து கெடப்பாரு, நாந்தான் தூக்கினு வரணும். பொண்ணு லீவுக்கு வந்துகீதே, அந்தப் பேகக்கூட புடுங்கினு போயி வித்துட்டாரு.”

என்னால் நிறுத்த முடியவில்லை. வாய் ஒட்டிக்கொள்ளவில்லை, வியர்க்கவில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் தடங்கல் இல்லாமல் நான் பேசியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவரும் ஒரு வார்த்தையைக்கூடச் சந்தேகப்படவில்லை. கதை கேட்கிறவர்போல உச்சுக்கொட்டிக்கொண்டே கேட்டார்.

“கவலைப்படாதீங்க. பணத்தை நாங்க நிறுத்தமாட்டோம்” என்றார் கடைசியில். “இதையெல்லாம் அந்தப் பேராசிரியையை இந்த வருஷ லெட்டர்ல எழுதித் தரச் சொல்லுங்க. அவங்க எழுத்துக்குக் கமிட்டில மறுபேச்சே கிடையாது. என்ன மாதிரி எழுதறாங்க! அவங்களுக்கு நன்றி சொன்னீங்களா?”

“போன வருசமே சொல்லிட்டேன் சார்.”

“நல்லது.” என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சந்து முனையில் யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனார்.

உள்ளே போனேன். மனைவி சோறு போட்டாள். கேட்காமலே இன்னொரு அப்பளம் வைத்தாள். பெண் ஜன்னலை விட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தேன்.

“லெட்டரை இந்த வாரமே குடுக்கணும்ப்பா” என்றாள்.

“எழுது.”

“வயரைத் திருடினதுன்னு சொன்னியே… அது வேணாமே. நான் வேற ஏதாவது போட்டுக்கறேன்.”

“அதையே போடு” என்றேன். “அவரு கேட்டுனு போயிருக்காரு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.”

அவள் மடிக்கணினியைத் திறந்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இங்கிலீஷில் என்னைப் பற்றி என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது, இனிமேல் யாரிடமும் கேட்கப்போவதும் இல்லை. இந்த மூலையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த தமிழில், நான் குடிக்காதவன் என்பதை நானும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்குக் கையெழுத்துப் போட்டுத் தர மிஸ் யாரும் இல்லை. மனைவி இப்போதுதான் வந்து, இந்தத் தடவை மிஸ்ஸுக்கு என்ன பழம் வாங்கலாம் என்று கேட்டாள். உனக்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டு நீயே போய்வா, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வைகாசி மாதம், இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.